துண்டுக்குள் போட்ட ஓட்டு

எங்கள் பஜாரில் என் அக்காவுக்கு 'முடியாதம்மா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கடைப் பலகையில் படிக்கலாம். யார் வாயிலும் கேட்க முடியாது. பொத்தான், ஜிப், லேஸ் மொத்த வியாபாரம். எவர் வந்து என்ன விலை சொன்னாலும் அக்காவின் முதல் வார்த்தை "முடியாது". சரக்கு கொண்டுவந்த ஒருவன் வேடிக்கைக்காக, "உங்களுக்குச் சும்மாவே தர்றேம்மா" என்றான். "முடியாது. சும்மா தந்தா, கூட என்ன தருவே?" என்று கேட்டவள் அவள்.

அந்த வாய்க்குத்தான் அந்தக் கதி நேர்ந்தது. மூளையில் ஏதோ ஒரு ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவளிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது.

அது 'சரி'.

"பசிக்குதா அக்கா?" "சரி." "பசிக்கலையா?" "சரி." பிடிக்காத ஆள் வந்து உட்கார்ந்தால், அவன் முகத்தைப் பார்த்து ஒரு "சரி". அதில் ஒரு முழு வசவு இருக்கும். எல்லாம் புரிகிறது, பேச்சு மட்டும்தான் வரவில்லை, தலையாட்டுவதுகூட மாறி மாறித்தான் வரும் என்று டாக்டர் சொன்னார். பஜாரில் கேட்டவர்களுக்கு நான் எங்கள் பாஷையில் சொன்னேன்: "உள்ள சரக்கெல்லாம் அடுக்கி வெச்சது அப்படியே இருக்கு. ஷட்டர்தான் இறங்கிடுச்சு."

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர். தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். தபால்தலையில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் விலை, அதற்கு மேல் பேச்சில்லை என்கிற ரகம். அக்கா பார்சல் அனுப்பப் போன இடத்தில், "கயித்தை அவுத்துட்டு எடை போடுங்க, கயித்துக்கு எதுக்கு நான் தண்டம் அழணும்?" என்று சண்டை பிடித்தாள். மாமா எதிர்வார்த்தை பேசாமல் கயிற்றை அவிழ்த்து, எடை போட்டு, மறுபடி அழகாகக் கட்டிக் கொடுத்தார். அந்த முடிச்சில் விழுந்தவள்தான். பேரமே பேசத் தெரியாத ஒரு மனிதரை, பேரம் இல்லாமல் மூச்சுக்கூட விடாத என் அக்கா கட்டிக்கொண்டதில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். "நஷ்டத்துக்கு வாங்கிட்டியேக்கா" என்பேன். "போடா, இது விக்கிற சரக்கில்ல" என்பாள்.

வருஷம் முழுக்கக் கடையைத் திறந்து வைப்பவள், ஓட்டுப் போடும் நாளில் மட்டும் தானாகப் பூட்டுவாள். நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, மாமாவோடு ஜோடியாகப் போவாள். யாருக்குப் போட்டாள் என்று மட்டும் ஒரு ஆளுக்கும் தெரியாது. திரும்பி வரும்போது மாமா ஒவ்வொரு தடவையும் கேட்பார். மாமா யாருக்குப் போட்டார் என்பது ஊருக்கே தெரியும். அவர் ஒளிக்கத் தெரியாதவர். அக்காவின் பதில் நீங்கள் நினைப்பதுதான். முடியாது.

போன தேர்தலில் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! ஓட்டுச்சாவடி மாடியில். லிப்ட் கிடையாது. நாற்காலியோடு அக்காவைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். மேலே போனால் அங்கிருந்த அதிகாரி, "யாருக்குப் போடணும்னு அவங்க தெளிவாக் காட்டணும். அப்பதான் உதவிக்கு ஆள் விட முடியும்" என்றார்.

அக்கா, "சரி" என்றாள்.

"அம்மா, ஓட்டுப் போட வந்தீங்களா?"

"சரி."

"இல்ல, போட விருப்பமில்லையா?"

"சரி."

அவர் கெட்ட மனிதர் இல்லை. வரிசை வாசல்வரை நின்றது. "மன்னிச்சுக்கங்க" என்று எதையோ எழுதி, பேனாவை மூடிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஏறின படியெல்லாம் இறங்கினோம். பாதிப் படியில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அப்பா இறந்த அன்றைக்குக்கூட சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு டீ சொல்லிக்கொண்டு நின்றவள், சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மாமா தன் கைக்குட்டையை எடுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே கைக்குட்டையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு, படுக்கையில் கிடந்து துவண்டிருந்த அக்காவின் இடது கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் வந்தது. ஒரு நாள் நான் கட்டிலோரம் உட்கார்ந்து பஜார் வம்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். லேஸ் கடைக்காரன் ஒருவன் ஒரு கட்டு லேஸை என்ன விலைக்குக் கேட்டான் தெரியுமா என்று ஆரம்பித்தேன். என் துண்டு அவள் மடியில் கிடந்தது. அதற்குள் அவள் கை நுழைந்தது. என் விரல்களைப் பிடித்தது. மூன்று விரல்.

எனக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது. அவன் கேட்டதும் மூன்றுதான்!

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பஜாரில் நாலு பேர் முன்னால் விலை பேச மாட்டோம். பக்கத்துக் கடைக்காரன் காது நீளம். அதனால் ஒரு துண்டைப் போட்டு, அதன் அடியில் இரண்டு பேரும் கை கோத்துக்கொள்வோம். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை. ஐந்தைப் பிடித்துவிட்டுக் கூட ஒன்றைப் பிடித்தால் ஆறு. பெரிய எண் என்றால் முதல் பிடி பத்துகளுக்கு, அடுத்த பிடி ஒன்றுகளுக்கு. பிடிக்கவில்லையா, கையை உதறு. படிந்துவிட்டதா, எதிராளியின் விரல்களை முழுக்க மடக்கி மூடு. மூடினால் முடிந்தது. அதற்கப்புறம் வானமே இடிந்தாலும் பேச்சு மாறாது. வெளியே சொல்லவும் கூடாது.

அன்றிலிருந்து அக்காவும் நானும் மணிக்கணக்கில் விரலால் பேசினோம். மாமா எதிரே உட்கார்ந்து, தபால் பெட்டியைப் பார்க்கும் குழந்தை மாதிரி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன சொல்றா மாப்ளே?" என்பார். "உங்க சட்டைக்கு இன்னிக்குப் பொத்தான் மாத்திப் போட்டிருக்கீங்களாம்" என்பேன். குனிந்து பார்ப்பார். அக்கா சிரிப்பாள்.

அப்புறம்தான் புதுச் சட்டம் வந்தது. நடமாட முடியாதவர்கள் ஓட்டுச்சாவடிக்கு வரவேண்டாம், பெட்டியே அவர்கள் வீட்டுக்குப் போகும். கையால் குத்த முடியாதவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். ரேடியோவில் கேட்ட அன்றே மாமா தேர்தல் ஆபீசுக்குப் போனார். வாடிப்போய்த் திரும்பி வந்தார்.

"என்ன ஆச்சு மாமா?"

"வர முடியாதவங்கன்னு பதிஞ்சுக்கணும்னா, அவங்களே நேர்ல வந்து சொல்லணுமாம்."

"எதை?"

"வர முடியாதுங்கறதை."

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். கடைசியில் ஒரு நாள் டாக்டர் சீட்டையே ஏற்றுக்கொண்டார்கள் என்று வந்து சொன்னார். எப்படி மாமா என்றேன்.

"நானும் கவுன்டர்ல உட்கார்ந்தவன்தானே மாப்ளே. அடுத்த ஆளைக் கூப்பிட எந்தப் பக்கம் பார்வையைத் திருப்புவாங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பார்வை போற பக்கமெல்லாம் நகர்ந்து நகர்ந்து நின்னேன். என்னைத் தாண்டி யாரையும் அந்தக் கவுன்டர்காரரால பார்க்க முடியல."

தேர்தலுக்கு முந்தின வாரம் அவர்கள் வந்தார்கள். அதிகாரி ஒரு பெண். மற்ற நாட்களில் தண்ணீர் வரி வாங்கும் ஆபீசில் வேலை பார்ப்பவராம். கூட, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு உதவியாளர், வாசலில் ஒரு போலீஸ்காரர், கட்சிக்காரர் சார்பில் மேற்பார்வை பார்க்க, சட்டையில் பேட்ஜ் குத்திய ஒல்லி மனிதர் ஒருவர். மாமா காலையிலிருந்தே வீட்டைத் துடைத்துத் துடைத்து, தரை வழுக்கும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். அக்காவுக்கு அந்த நல்ல சேலையை நானும் அவரும் சேர்ந்து கட்டிவிட்டோம். கொசுவம் வைத்தது அவர். தபால் கட்டு மாதிரி ஒரு மடிப்பு பிசகவில்லை.

அதிகாரி கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். "வணக்கம்மா. ஓட்டுப் போடலாமா?"

"சரி."

அதிகாரி முகம் மலர்ந்தது.

"உதவிக்கு யாரை வெச்சுக்கறீங்க? உங்க வீட்டுக்காரரா?"

"சரி."

"இல்ல, இவரா? தம்பிதானே?"

"சரி."

"வேற யாராவதா?"

"சரி."

பேட்ஜ்காரர் தொண்டையைச் செருமினார். "மேடம், குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். இவங்க எதைக் கேட்டாலும் சரிங்கறாங்க. அப்ப ஓட்டைப் போடறது யாரு? இவங்களா, இவங்க வீட்டு ஆம்பளைங்களா?"

கோபம் வந்தது. ஆனாலும் அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதிகாரி பேனாவை மூடினார். போன தடவை அந்த மனிதர் மூடின மாதிரியே. மாமா ஒரு அடி முன்னால் வந்து, அதிகாரியின் பார்வைக்கு நேராக நின்றார்.

"மேடம், அவளுக்கு எல்லாம் தெரியும். நாக்குதான் வராது. கை பேசும்" என்றார்.

நான் துண்டை எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். பேட்ஜ்காரர் உடனே, "தம்பி கையைப் பிடிச்சுட்டு தம்பியே அர்த்தம் சொன்னா எப்படி மேடம்?" என்றார்.

"நியாயம். நான் பிடிக்கறேன்" என்றார் அதிகாரி. எந்த ஊர் வழக்கத்திலும் இல்லாத வேலை அது. ஆனாலும் அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. கணக்கை நான் சொல்லச் சொல்ல இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, துண்டுக்குள் கையை விட்டார். அக்காவின் கண் இடுங்கியது. கடையில் புது ஆள் வந்து உட்காரும்போது அப்படித்தான் இடுங்கும்.

"அம்மா, உங்க வயசு என்ன?"

துண்டு அசைந்தது. அதிகாரி கவனமாக எண்ணினார். "அஞ்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல. அப்ப… ஐம்பது."

கையிலிருந்த அடையாள அட்டையைப் பார்த்தார். அதில் அறுபத்து மூன்று.

பேட்ஜ்காரர் ஜெயித்த முகத்தோடு இல்லை. பாவம் என்பது போல் தரையைப் பார்த்தார். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. டாக்டர் சொன்னதெல்லாம் பொய்யா? இத்தனை நாள் விரலைப் பிடித்து நானாகத்தான் அர்த்தம் பண்ணிக்கொண்டேனா? அதிகாரி மெதுவாகக் கையை வெளியே எடுக்கப் பார்த்தார்.

"எடுக்காதீங்க மேடம்!" என்று மாமா போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

"சார்?"

"ஒத்துக்காதீங்க. முடியாதுன்னு கையை உதறுங்க. அவ எதையும் முதல்லயே சொல்ல மாட்டா. முன்னெல்லாம் சாப்பிடறியான்னு கேட்டாக்கூட முதல்ல வேண்டாம்னுதான் வரும். துண்டுக்குள்ள கை போயிடுச்சில்ல, கடையில உட்கார்ந்துட்டா. இது ஆரம்ப விலை மேடம். பேசுங்க, ஏறி வரும்."

பஜாரிலேயே பிறந்து வளர்ந்து, தரகு பேசியே தொப்பை வளர்த்த எனக்கு அது உறைக்கவில்லை. அச்சடித்த விலையைத் தவிர வேறு விலை தெரியாத மனிதர் சொல்கிறார்!

அதிகாரி தயங்கினார். பிறகு கையை உதறினார். "முடியாதும்மா."

அக்காவின் புருவம் ஏறியது. துண்டு அசைந்தது.

"ஐம்பத்தி ரெண்டு" என்றார் அதிகாரி.

"உதறுங்க" என்றார் மாமா.

"ஐம்பத்தஞ்சு."

"அதுவும் வேண்டாம். அவ அம்பத்தஞ்சுல ரொம்ப நாள் நின்னவ. நல்லா உதறுங்க."

அதிகாரியின் உதட்டோரம் துடித்தது. தண்ணீர் வரிக்கு வாய்தா கேட்டு வருகிறவர்களிடம் பழகிய கைதானே; மூன்றாவது உதறலில் பஜார் வேகம் வந்துவிட்டது. "ஐம்பத்தெட்டு… முடியாதும்மா. அட்டையில வேற இருக்கு, எனக்குத் தெரியும். ம்… இப்ப அஞ்சு, கூட ஒண்ணு. ஆறா? அறுபது. இன்னும் இருக்கு இல்ல? சொல்லுங்க, சொல்லுங்க…"

அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். துண்டு கடைசியாக அசைந்தது.

"மூணு" என்றார் அதிகாரி. அவர் குரல் இறங்கிவிட்டது. "அறுபத்தி மூணு. என் விரலை மூடிட்டாங்க."

உதவியாளர் பெட்டியோடு சேர்ந்து குலுங்கிச் சிரித்தார். பேட்ஜ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க அம்மாவும் இப்படித்தான் மேடம். அறுபதைத் தாண்ட வைக்க ஆள் போதாது" என்றார். "எனக்கு ஆட்சேபணை இல்ல. எழுதிக்கங்க."

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் அதிகாரி. "அம்மா, உதவிக்கு யாருன்னு நீங்கதான் சொல்லணும். வீட்டுக்காரர்னா ஒண்ணு. தம்பின்னா ரெண்டு. வேற யாராவதுன்னா மூணு. நல்லா யோசிச்சு."

எனக்குச் சந்தேகமே இல்லை. விரல் பாஷை தெரிந்தவன் நான். தவிர, எத்தனையோ தேர்தலாக மாமாவிடம் மறைத்து வைத்த விஷயம். அதை அவர் கையிலேயே கொடுப்பாளா? நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

துண்டு ஒரே ஒரு தடவை அசைந்தது.

"ஒண்ணு" என்றார் அதிகாரி. பேரத்துக்குத் தயாராக உதறப் போனவர், நின்றார். "இல்ல… மூடிட்டாங்க. முதல் பிடியிலயே மூடிட்டாங்க."

மாமா அசையாமல் நின்றார். அக்கா அவரைப் பார்த்தாள். "சரி" என்றாள். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைக்குட்டையைத் தேடினார்.

கட்டிலைச் சுற்றி அட்டைத் தடுப்பை வைத்தார்கள். மாமா மட்டும் உள்ளே போனார். ஐந்து வேட்பாளர்கள், ஐந்து விரலுக்குள் அடங்கிவிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன்.

"நான் கேக்கறேன்னு தப்பா நினைச்சுக்காதே… ம். இவரா?"

"சரி."

"நாக்கை விடு. கையைக் குடு." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இல்ல, இதை நான் நம்பமாட்டேன். இன்னொரு தடவை சொல்லு." மறுபடி சத்தமில்லை. "மாத்திட்டியே! இதுவும் இல்ல. நீ என்னைச் சோதிக்கறே." அப்புறம் நீண்ட அமைதி. உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி கண்ணாலேயே அவரை அடக்கினார்.

திடீரென்று உள்ளேயிருந்து மாமாவின் குரல்: "அடிப்பாவி!"

அடுத்து, இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம். அக்கா சிரித்தால் வாய் ஒரு பக்கம் மட்டும்தான் இழுக்கும். சத்தம் மட்டும் பழைய சத்தம்தான்.

மாமா தாளை மடித்து, உறையில் போட்டு, ஒட்டினார். ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அக்காவின் இடது கையில் உறையை வைத்து, தன் கையால் அந்தக் கையைத் தாங்கி, பெட்டியின் வாய்வரை கொண்டுபோனார். உள்ளே தள்ளியது அவள்தான். நான் பார்த்தேன்.

அவர்கள் போனதும் நான் ஆரம்பித்தேன். "யாருக்கு மாமா?"

"துண்டுக்குள்ள பேசினது வெளியில வரக்கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"நான் தரகன் மாமா. எனக்குச் சொல்லலாம்."

"முடியாது" என்றார். அக்கா கட்டிலிலிருந்து அவரைப் பெருமையோடு பார்த்தாள்.

தேர்தல் நாள். விடிந்தும் விடியாததுமாக மழை. மாமா எந்த வேலைக்கும் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சாவடி திறப்பதற்கு முன்னாலேயே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டீகூடக் குடிக்கவில்லை.

"எங்க ஓடறீங்க? சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. மழை விடட்டும்" என்றேன்.

"மழையாவது, ஒண்ணாவது!" செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "இத்தனை வருஷமா ஜோடியாப் போனது எதுக்குன்னு இப்பதானே தெரியுது. நான் ஒண்ணு போட்டா, இவ பக்கத்துல நின்னு ஒண்ணு போட்டு அதைக் கழிச்சிருக்கா. போன தடவை இவளைப் போட விடல. எங்க ஆளு கொஞ்சத்துல ஜெயிச்சாரு. இந்தத் தடவை முந்திக்கிட்டா. நான் போய் இவளோடதைக் கழிக்கலைன்னா கணக்கு என்ன ஆகறது?"

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தார். வாயைப் பொத்திக்கொண்டார். ஒளிக்கத் தெரியாத மனிதர் என்று சொன்னேனே.

மாமாவின் ஆள் பேர் தெரியும் எனக்கு. அவரைத் தோற்கடிக்க என்று அக்கா குத்தச் சொன்ன கட்டத்தில், இந்த மனிதர் தன் கையாலேயே குத்திவிட்டு வந்திருக்கிறார். தாளில் இன்னொரு கட்டத்துக்கு நகர அவருக்கு ஒரு விரற்கடை தூரம்தான் இருந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

"தப்பாக் குத்தத் தோணலையா மாமா?" என்று கேட்டே விட்டேன்.

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "அது அவ ஓட்டாச்சே" என்றார்.

குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் அக்காவின் நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனேன். தண்ணீர் தேங்கிய இடங்களைத் தாண்டித் தாண்டி, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, தன் ஓட்டைப் போட்டு அவள் ஓட்டைக் கழிக்க மாமா வேக வேகமாக நடந்துகொண்டிருந்தார். தெருமுனை திரும்பும்வரை அக்கா கண் எடுக்கவில்லை.